நிரந்தர ராஜினாமாத் தலைவர்

பதவிக்காக ஆலாய்ப் பறக்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிடைத்த பதவியை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டு ரகத்தைப் பற்றியும் வேண்டிய மட்டும் எழுதிக் கிழித்தாகிவிட்டது. நான் சொல்லப்போவது மூன்றாவது ரகம். விலகுவதற்கென்றே பதவிக்கு வருகிற பிரகிருதி. மனிதர் விலகுவார், ஆனால் போகமாட்டார். வாசல்வரை போவார், ஒரு காலில் செருப்பை மாட்டுவார், மறுகாலில் மாட்டுவதற்குள் யாராவது ஓடிவந்து கையைப் பிடித்து இழுக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். இழுத்தால், “என்னை விட்டுவிடுங்கள்” என்று திமிறுவார். இழுக்காவிட்டால்? பொறுங்கள், அதற்குத்தான் வருகிறேன்.

இவர் இல்லாத இடம் கிடையாது. குடியிருப்போர் சங்கத்தில் இருப்பார், நாடகக் குழுவில் இருப்பார், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் இருப்பார். ஆனால் நன்றாகக் கொழுத்து வளர்வது இணையத்தில்தான். ஏனென்றால் அங்கே விலகுவதற்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட வேண்டாம். அதிலும் எங்கள் ரெஸொலானா குடியரசில் விளைந்ததைப் போன்ற உருப்படி வேறெங்கும் விளைந்திருக்காது என்று துண்டைப் போட்டுத் தாண்டுவேன்.

ரெஸொலானாவை வரைபடத்தில் தேடாதீர்கள். உருகுவாயில் குளிர்காலத்தில் காற்றுப் படாத சுவரோரமாக உட்கார்ந்து காயும் வெயிலுக்கு அந்தப் பெயர். அப்படி வேலைவெட்டி இல்லாமல் காய்ந்துகொண்டிருந்த சிலர் சேர்ந்து இணையத்தில் ஒரு நாட்டைத் தொடங்கினோம். விளையாட்டுதான். ஆனால் எங்களிடம் வந்து விளையாட்டு என்று சொல்லிவிடாதீர்கள், அடிக்க வருவோம். எங்களுக்கு அரசியல் சாசனம் இருக்கிறது, நாடாளுமன்றம் இருக்கிறது, கொள்கை வேறுபாடே இல்லாத ஆறு கட்சிகள் இருக்கின்றன, கடலே இல்லாத நாட்டுக்கு ஒரு கடற்படைத் தளபதி இருக்கிறார், தன் வரவுசெலவுத் திட்டம் சபையில் தோற்ற அன்று மெய்யாகவே சாப்பிடாமல் படுத்த நிதி மந்திரி இருக்கிறாள். நான் தேர்தல் அதிகாரி. பகலில் மொந்தெவிதெயோவில் ஒரு பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறேன். இருக்கிற நாடுகளின் எல்லையைவிட இந்த இல்லாத நாட்டின் எல்லைதான் எனக்கு அத்துப்படி.

எங்கள் குடியரசுத் தலைவர் வில்மார் பென்தாங்கோர். பைசாண்டூவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சாசனத்தில் முக்கால்வாசி அவர் எழுதியது, கொடி அவர் வரைந்தது, தேசிய கீதம் அவர் இயற்றி அவரே பாடியது (பாடாமல் இருந்திருக்கலாம்). நாட்டுக்காக மாடாய் உழைத்தார், அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த உழைப்பை நாங்கள் ஒருநாள் மறந்தாலும் மனிதருக்கு மூக்கு விடைத்துவிடும். உடனே விலகிவிடுவார்.

எதற்கெல்லாம் விலகினார் என்று கேளுங்கள். கொடியில் உள்ள மஞ்சள் கொஞ்சம் கண்ணில் அடிக்கிறது என்று ஒரு எதிர்க்கட்சிக்காரன் சொன்னதற்கு விலகினார். சுதந்திர தின உரைக்கு யாரோ சிரிக்கிற முகத்தைப் போட்டதற்கு விலகினார். அந்த ஆள் அழுகிற முகத்தைத் தேடிக் கை தவறிப் போட்டுவிட்டான் என்று தெரிந்த பிறகும், அழுகிற முகத்துக்கு அந்த உரையில் என்ன இருக்கிறது என்று கேட்டு மறுபடியும் விலகினார். மந்திரிசபைக் கூட்டத்தில் துணைத் தலைவர் எல்பியோ ரொட்டி மென்ற சத்தம் கேட்டதற்கு விலகினார். இந்த எல்பியோ, மெலோ ஊரில் மாட்டு மருந்து விற்கிறவர். வாயில் எதையாவது போட்டு மெல்லாமல் அவருக்குக் காது கேட்காது.

விலகுவது என்றால் சும்மா இல்லை, அதற்கொரு சம்பிரதாயம் உண்டு. முதலில் மனிதர் பேச்சை நிறுத்துவார். அவர் பேசவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை என்றால், பேசாமல் இருக்கிறேன் என்று வந்து சொல்லிவிட்டுப் போவார். அடுத்து, “நண்பர்களே, யோசித்துக்கொண்டிருக்கிறேன்” என்று ஒற்றை வரி வரும். என்ன யோசனை என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் சொல்லமாட்டார், கேட்காவிட்டால் வருத்தப்படுவார். பிறகு கடிதம். அது ‘எனதருமை ரெஸொலானியர்களே’ என்று தொடங்கி, நாடு பிறந்த கதையைச் சொல்லி, தாம் தூக்கம் கெட்டதைச் சொல்லி, பெயர் குறிப்பிட விரும்பாத சிலரைப் பெயர் சொல்லாமல் ஊர் சொல்லி, தொழில் சொல்லி, மென்று தின்றது என்ன என்பதுவரை சொல்லி, யார்மீதும் மனவருத்தம் இல்லை என்று முடியும். அப்புறம் தம் பெயருக்கு முன்னால் ‘முன்னாள்’ என்று போட்டுக்கொள்வார். அவ்வளவுதான். இனி எங்கள் வேலை. ஒருவர் மாற்றி ஒருவராகப் போய்க் கெஞ்சுவோம், வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைப்போம், கடைசியில் “மக்களின் குரலுக்குச் செவிசாய்த்து” திரும்பி வருவார். வந்தவர் முந்தினதைவிட இரண்டு சுற்றுப் பெருத்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மந்திரிசபைக் கூட்டம். பக்கத்து நாட்டுடன் எல்லை ஒப்பந்தம். (பக்கத்து நாடு என்பது எங்களோடு சண்டை போட்டுப் பிரிந்துபோன மூன்று பேர்.) வில்மார் ஒப்பந்தத்தின் முன்னுரையை வாசித்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து நாடு முழுக்க மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் எங்கள் ஊரில் மாவு பிசைந்து கொழுப்பில் தோர்த்தா சுட்டாக வேண்டும். சுடாமல் இருந்தால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் விசாரிக்க வருவார்கள். முதலில் எல்பியோவின் முகம் திரையிலிருந்து மறைந்தது. பிறகு நிதி மந்திரி லுஹான், “மாவு ஊறணும், தோ வந்துர்றேன்” என்று போனாள். ஒவ்வொருவராக நழுவினோம். நானும்தான், ஏன் மறைக்க வேண்டும், சட்டியில் கொழுப்பு காய்ந்துகொண்டிருந்தது. வில்மார் முன்னுரையை முடித்து நிமிர்ந்து பார்த்தால் எதிரே கடற்படைத் தளபதி மட்டும் இருந்தார். அவரும் தூங்கிக்கொண்டிருந்தார்.

விலகல் கடிதம் சுடச்சுட வந்தது. ‘ஒரு தேசம் தன் எல்லையைவிட எண்ணெய்ச் சட்டியைப் பெரிதாக மதிக்கும்போது’ என்று தொடங்கியது. எங்களுக்குக் கை முழுக்க மாவு. பதில் போட முடியவில்லை. எல்பியோ மட்டும் ஒரு கட்டைவிரலைப் போட்டிருந்தார்.

எந்த நாட்டிலும் தலைவர் இல்லாத குழு ஒன்று தனியாக இருக்குமல்லவா? எங்களுக்கும் உண்டு. அங்கே பேச்சு ஓடியது.

“யாராச்சும் போய்க் கெஞ்சுங்கப்பா, பாவம், காத்துக்கிட்டிருப்பாரு” என்றாள் லுஹான்.

“போன தடவ நான் கெஞ்சினேன்” என்றேன் நான். “இந்தத் தடவ எல்பியோ முறை.”

“நான்தான் கட்டைவிரல் போட்டேன்ல?”

“யோவ், கட்டைவிரல்னா சரி, போய்ட்டு வான்னு அர்த்தம்யா!”

“அப்படியா? அவரும் எப்பப் பாத்தாலும் போறேன் போறேங்கிறாரு. ஒரு தடவ போய்த்தான் பாக்கட்டுமே. என் தோர்த்தா கருகுது, ஆள விடுங்க” என்றார் எல்பியோ.

அது சரிதானே என்று எல்லாருக்கும் பட்டது. யாரும் கெஞ்சப் போகவில்லை. சாசனப்படி குடிமக்களில் ஒருவரும் தடுக்காவிட்டால் விலகல் செல்லும். யார் எழுதிய விதி? அவர் எழுதியதுதான். அப்படியும் நடக்கலாம் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

பைசாண்டூவில் மனிதர் தவித்த தவிப்பை அவர் மனைவி ஸூல்மா பிற்பாடு என்னிடம் சொன்னாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாராம். இணைப்பு அறுந்துபோயிருக்குமோ என்று பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டாராம். “ஸூல்மா, உனக்கு இணையம் வருதா?” “வருதே, எங்கக்காகூடப் பேசிக்கிட்டிருக்கேன்.” “அப்போ நாட்டுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு.”

மறுநாள் எனக்கு ஒரு குடியுரிமை விண்ணப்பம் வந்தது. நில்தா பிரேஸ், தக்குவாரெம்போவில் தையற்காரி, கணவர் இல்லை. எங்கள் நாட்டில் குடியுரிமை கேட்கிறவர் தாம் நாள்முழுக்க உறிஞ்சிக் குடிக்கும் மாத்தே பானத்தின் சாமான்களைப் போட்டோ பிடித்து அனுப்ப வேண்டும்: இலைத்தூள் நிரப்பிய குடுவை, உறிஞ்சுகுழல், வெந்நீர் ஃபிளாஸ்க், எல்லாமாக. ஒருவர் குடுவையைப்போல் இன்னொருவருக்கு இருக்காது என்பதால், ஒரே ஆள் பல பெயரில் நுழைந்து கள்ள ஓட்டுப் போடுவதைத் தடுக்க இந்த ஏற்பாடு. இதுவும் வில்மார் கொண்டுவந்த சட்டமே.

போட்டோவைப் பார்த்தேன். பூவேலை செய்த மேசைத்துணி. ரோஜா நிறத்தில் உறை தைத்துப் போட்ட சின்னக் குடுவை. ஓரத்தில் ஒரு பூந்தொட்டி. பக்கத்தில் ஃபிளாஸ்க். உடல் பச்சை, மூடி சிவப்பு; கைப்பிடி உடைந்த இடத்தில் மூக்குக்கண்ணாடியின் காதில் மாட்டும் கால் ஒன்றை வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. மந்திரிசபைக் கூட்டங்களில் வில்மாரின் அக்குளில் இந்த ஃபிளாஸ்கைப் பார்க்காத குடிமகன் ரெஸொலானாவில் கிடையாது.

மனைவியின் குடுவையை இரவல் வாங்கத் தெரிந்தவருக்கு, பூந்தொட்டி வைக்கத் தோன்றியவருக்கு, இது தோன்றாமல் போனது எப்படி? எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். பெயரை மாற்றச் சொன்னால் மாற்றுவோம், ஆணைப் பெண்ணாக்கச் சொன்னால் ஆக்குவோம்; பழகின ஃபிளாஸ்கை மாற்றலாம் என்பது மட்டும் மண்டையில் உறைக்காது. அது ஒரு சாமான் என்பதே அவருக்கு நினைவிருந்திருக்காது.

தேர்தல் அதிகாரி என்ற முறையில் நான் விண்ணப்பத்தைத் தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை. எவ்வளவு தூரம் போகிறார் பார்க்கலாமே என்று முத்திரை குத்தினேன். தலைவர் இல்லாத குழுவில் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு எல்பியோவுக்குப் புரையேறிவிட்டது.

நில்தா வந்ததும் வராததுமாகக் கெஞ்சினாள். “நான் புதுசுதான். ஆனா வில்மார் மாதிரி ஒரு மனுஷன வெறும் கட்டைவிரலோட அனுப்பி வைக்கிறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?” படித்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் என்னவோ செய்யவும் செய்தது. ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. விலகல் கடிதத்துக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர் அந்த விலகலைத் தடுக்க முடியாது. யார் எழுதினது என்று நீங்களே சொல்லுங்கள்.

வேடிக்கை இங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் ஆட்கள் வில்மாரை விட்டுவிட்டு நில்தாவைப் பிடித்துக்கொண்டார்கள். “நில்தாம்மா, எவ்வளவு அழகாப் பேசுறீங்க! உங்க ஊர்ல மழையா?” என்று லுஹான் எங்கள் தனிக் குழுவில் கண்ணடித்துவிட்டு வந்து கேட்டாள். வேடம் கலையாமலிருக்க அவர் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

“ஆமா கண்ணு, விடாம பெய்யுது. நீ தோர்த்தா சுட்டியா? பல் வைத்தியப் பரீட்சை எழுதினியே, என்னாச்சு?”

நேற்று வந்த தையற்காரிக்கு லுஹானின் பரீட்சை எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. லுஹான்கூடக் கேட்கவில்லை. “ஒரு பாடம் போயிடுச்சும்மா” என்றாள். அதுவரை அதை அவள் எங்களிடம்கூடச் சொல்லவில்லை.

கிண்டலாகத்தான், காலியான தலைவர் பதவிக்கு நடந்த தேர்தலில் நில்தாவின் பெயரை முன்மொழிந்தோம். வில்மார் போட்டியிடவில்லை, அழைப்புக்காகக் காத்திருந்தார். நில்தா வாரிக் குவித்துவிட்டாள். ஓட்டு ரகசியம்தான், இருந்தாலும் உங்களிடம் சொல்வதற்கென்ன: வில்மாரும் நில்தாவுக்கே போட்டார்.

அப்புறம் நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. நில்தா நன்றாக ஆண்டாள். அவளுக்குத் தூக்கம் கெட்ட கதை இல்லை, நாடு பிறந்த கதை இல்லை. கேமரா கெட்டுவிட்டது என்று முகம் காட்டாமல் எழுத்தில்தான் பேசினாள்; உரை என்றால் நாலே வரி. கொடியின் மஞ்சள் அடிக்கிறதா, அப்படியென்றால் குறைத்துக்கொள்ளலாமே என்றாள். எல்பியோ மென்றால், “என்ன ரொட்டி அது?” என்று விசாரித்தாள். வானம் கறுத்தால் அவளே கூட்டத்தைக் கலைத்து, “போங்க, போய் மாவு பிசைங்க” என்று விரட்டினாள். எல்லை ஒப்பந்தம் முன்னுரையே இல்லாமல் கையெழுத்தாயிற்று; பிரிந்துபோன மூவரும் வீடு திரும்பினார்கள். கேலி எப்போது நின்றது என்று எங்களுக்கே தெரியவில்லை. எந்நேரமும் யாராவது நில்தாம்மாவிடம் எதையாவது சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் என் முதுகுவலியைச் சொன்னேன். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள்.

பைசாண்டூவில் மனிதருக்கோ வயிற்றெரிச்சல். ஸூல்மா சொல்லக் கேட்க வேண்டும்:

“பாரு ஸூல்மா, பாராட்டறானுங்க! ஆஹா ஓஹோங்கிறானுங்க! அத்தனையும் நான் செஞ்சது!”

“அப்புறம் என்ன, சந்தோஷப்படேன்.”

“பேரு அவளுக்குல்ல போகுது!”

“அவ யாரு, சொல்லு?”

“அதெல்லாம் உனக்குப் புரியாது.”

“எனக்கு ஒண்ணு புரியுது. நீ அவளா இருக்கிற நேரம் வீடு நல்லாருக்கு. நேத்து என்னையே ‘சாப்டியா’ன்னு கேட்ட. எம்மேல சத்தியமா, பயந்துட்டேன்.”

பொறாமை என்றால் இதுவல்லவா பொறாமை? தம்மேலேயே தாம் பொறாமைப்பட்டு ஒருவர் இளைத்துப்போனதை நான் வேறெங்கும் கண்டதில்லை. கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். நில்தாவை ராஜினாமா செய்ய வைத்தார். ‘என்னால் முடியவில்லை. நல்லாயிருங்கள்.’ அவ்வளவுதான் கடிதம்.

நாடு கிடுகிடுத்துப் போயிற்று. யாரும் யாருடைய முறை என்று பார்க்கவில்லை. “நில்தாம்மா, மறுபடி பரீட்சை எழுதப் போறேன், நீங்க இல்லாம எப்படி எழுதுவேன்?” என்று லுஹான் அழுதாள். எல்பியோ மெல்வதை நிறுத்திவிட்டு, “அம்மா, கட்டைவிரல் போடமாட்டேன், சத்தியம்” என்றார். தூங்குமூஞ்சித் தளபதி எழுந்துவந்து, கடல் இருந்திருந்தால் அதற்கு உங்கள் பெயரை வைத்திருப்பேன் என்றார்.

பட்டப்பகலில் கடையிலிருந்து எனக்குப் போன் வந்தது. வில்மார். பின்னால் யாரோ வாடிக்கையாளர், “என் கண்ணாடி என்னங்க ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“பாத்தியா? எல்லாரும் அழுவுறாங்க! அந்த நில்தாவுக்காக…”

“வில்மார், போதும்யா. உன் ஃபிளாஸ்க எங்களுக்குத் தெரியாதா?”

வாடிக்கையாளரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார். பிறகு மெல்லக் கேட்டார்: “எல்லாருக்கும் தெரியுமா?”

“தளபதியத் தவிர.”

“தெரிஞ்சேதான் ஓட்டுப் போட்டீங்களா?”

“தெரிஞ்சேதான்.”

“அப்போ…” என்றார். குரலில் அப்படியொரு ஆசை. “அப்போ என்னையத்தானே போகாதேங்கிறீங்க?”

எனக்குப் பாவமாக இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனிதர் குளிர்ந்திருப்பார். “இல்லய்யா” என்றேன். “நில்தாவத்தான்.”

“நான்தானே அவ!”

“அப்படின்னா அவளாவே இருந்துட்டுப் போயேன். அவ வந்ததும் லுஹானோட பரீட்சைய விசாரிச்சா. உனக்கு அந்தப் பரீட்சை தெரிஞ்சுதானேய்யா இருந்துச்சு? ஒரு நாளாவது கேட்டியா? நீ எங்ககிட்டக் கேட்டதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான், நான் போகட்டுமான்னு.”

போன் துண்டிக்கப்பட்டது. போச்சு, மனிதரை உடைத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் குடியரசின் பொதுமன்றத்தில் ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர்: முன்னாள் தலைவர் வில்மார் பென்தாங்கோர். ‘எனதருமை ரெஸொலானியர்களே’ என்று தொடங்கியது. அந்த வரியோடு பழைய நீட்டல் நின்றுவிட்டது. ‘நான் இந்தக் குடியரசிலிருந்து அடியோடு விலகிக்கொள்கிறேன்.’ தூக்கம் கெட்டது இல்லை, பெயர் சொல்லாத சிலர் இல்லை. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நான் கெஞ்ச வாயெடுத்தேன், மெய்யாகவே எடுத்தேன். அதற்குள் குடியரசுத் தலைவர் நில்தாவின் பதில் வந்துவிட்டது.

‘ஏற்றுக்கொண்டேன், வில்மார். கொடியும் சாசனமும் கொடுத்ததற்கு நன்றி. உங்களிடம் இதை யாரும் சரியாகச் சொன்னதில்லை. மழை வருகிற மாதிரி இருக்கிறது, பார்த்துப் போங்கள். எல்பியோ, கூட்டத்தைத் தொடங்கலாமா? நான் எங்கேயும் போகவில்லை.’

யாரும் சிரிக்கிற முகம் போடவில்லை. அதன்பிறகு நில்தா ஒருநாளும் ராஜினாமா செய்யவும் இல்லை.

வில்மாரை நினைத்து நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் அப்படியெல்லாம் கிடையாது, எனக்குத் தெரியாதா? கல்யாணப் பேச்சில் உங்களை யாரும் கேட்கவில்லை என்று குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து வெளியேறினீர்களே, அது தன்மானம். வெளியேறிய பிறகு போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தது, வேறு ஏதோ அவசர அழைப்பு வரும் என்று. உங்களைத் திரும்பச் சேர்த்தவர் யார் என்பதுகூட இப்போது நினைவில்லை என்பீர்கள், நம்புகிறேன். போகட்டும், சேர்க்காதவர்கள் பெயரைச் சொல்லுங்கள் பார்க்கலாம். அட, வரிசை மாறாமல் சொல்கிறீர்களே!